தார்ப்பாய் நூலில் ஒரு வில்நாண்: ராயபுரம் முதல் கத்திவாக்கம் வரை

கடையில் வாங்கிய நாண்தான் என் வில்லைப் பிளந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வில்வித்தை மைதானத்துப் பயிற்சியாளர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது அறுபத்தெட்டு. லேத் பட்டறை வேலையை விட்ட பிறகு நானே பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மூங்கில் வில் அது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. போன மாதம் அந்தப் பயிற்சியாளர் வற்புறுத்தி ஒரு புது ரக நாணை மாட்டவைத்தார். அது துளிகூட நீளாது. அம்பு கிளம்பும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் வில்லின் முனையில் போய் அடிக்கும். கம்பெனி வில் தாங்கும், மூங்கில் தாங்காது. 'டப்' என்ற சத்தத்தோடு முனையில் விரிசல் விழுந்தது. பசை வைத்து, நூல் சுற்றிக் கட்டினேன். "இன்னொரு தடவை சத்தம் வந்தா இந்த வில்லைத் தூக்கிட்டு இங்க வராதீங்க சார்" என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என் தோள்பட்டை வலிக்கு வேறு எந்த வில்லையும் என்னால் இழுக்க முடியாது. வில் போனால் மைதானமும் போயிற்று.

ஆகவே சென்ற வியாழக்கிழமை, வில்லைப் பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "இன்னா பெர்சு, தூண்டிலா?" என்றார் டிரைவர். வில் என்றேன். "யார் மேல காண்டு?" என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை.

அங்கே நூல் கடை வைத்திருக்கும் பாய்க்கு, தார்ப்பாயும் சாக்கும் தைப்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். முதலில் நைலானை எடுத்துப் போட்டார். நைலான் ரப்பர் மாதிரி நீளும், அம்பு சோம்பலாகப் போகும், வேண்டாம் என்றேன். அடுத்து பெரிய படகுக்காரர்கள் வாங்கும், துளிகூட நீளாத வெள்ளைக் கயிற்றை எடுத்தார்.

"இது மட்டும் அறுந்துச்சுன்னா கடையை உங்க பேர்ல எழுதித் தரேன் பெரியவரே."

"அறுந்தா பரவாயில்ல பாய். அறுந்துபோகாம இருந்தாதான் வில்லு போயிரும்னு பயம்."

"யா அல்லா! அறுந்துபோகலன்னு சண்டைக்கு வர கஸ்டமரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நான் கேட்டது தார்ப்பாய் தைக்கும் பாலியஸ்டர் நூல். கொஞ்சம் நீளும், அதிகம் நீளாது. உருண்டை நூற்றெண்பது ரூபாய். பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு சிறு கட்டி தேன்மெழுகு.

ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தால் கத்திவாக்கம் ஐந்து ரூபாய்தான். அங்கே தேசப்பன் இருக்கிறான், பட்டறையில் என்னோடு வேலை பார்த்துவிட்டு மறுபடி கடலுக்கே போனவன். நூலை நீட்டிக் கட்ட என் வீட்டில் இடமில்லை. அவன் வீட்டுப் பின்னால் வலை காயப்போடும் கம்பங்கள் உண்டு, அம்பு விட ஆளில்லாத மணல்மேடும் உண்டு.

பதினான்கு இழை எடுத்து, இரண்டு புரியாகப் பிரித்து, மெழுகு தேய்த்தேன். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் இடப்பக்கமாகப் பின்ன வேண்டும். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. முடிச்சு விழுந்த இடத்தில்தான் நூல் அறும் என்பதால் இரண்டு பக்கமும் பின்னிய வளையம்தான் என் வழி. கம்பத்தில் மாட்டி, நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். புதுக் கயிற்றைக் கல் கட்டி நீட்டாமல் எதற்கும் தொடமாட்டார்கள் இங்கே. அதற்குள் இறால் குழம்போடு சாப்பாடு.

கை கழுவிவிட்டு வந்தால், தேசப்பன் லைட்டரோடு நிற்கிறான். கீழ் வளையத்தில் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைச் சுட்டு உருக்கிவிட்டான்! வலைக்காரர்கள் எந்த நுனியைக் கண்டாலும் பிரியாமல் இருக்கச் சுட்டுவிடுவார்கள். வலைக்கு அது சரி. இங்கே பக்கத்து இழைகளும் கருகிவிட்டன.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"பிரிஞ்சிகினு இருந்துச்சு மாமு! உதவி பண்ணா திட்றியே நைனா!"

கருகியதை வெட்டியதும் இன்னொரு வளையம் பின்ன நீளமில்லை. மெழுகும் தீர்ந்துவிட்டது.

"கட்டய தண்ணில இழுக்கச்சொல்லோ ஒரு கட்டு போடுவோமே, அத்த போடு. இறுக்குனா புடிச்சிக்கும், தளர்த்துனா அவுந்துரும்" என்றான். கயிற்றைக் கட்டையில் சுற்றி, அதன் நுனியை அதன் மேலேயே இரண்டு மூன்று முறை முறுக்கிவிடும் கட்டு. அது எனக்குத் தெரியாததில்லை, பிடிக்காதது. வேறு வழியில்லாமல் கீழ் முனைக்கு அதையே போட்டேன். மேல் வளையம் நான் பின்னியதுதான்.

மணல்மேட்டின் முன்னால் நின்றேன். பின்னால் யாரும் இல்லை என்று தேசப்பன் மேலேறிப் பார்த்துவிட்டு வந்தான். இழுத்தேன். காது முழுக்க அந்த விரிசலில்தான் இருந்தது. விட்டேன். அம்பு மணலில் குத்தியது. 'தொம்' என்று நாண் மட்டும் பேசியது, மூங்கில் வாய் திறக்கவில்லை.

"ஏன் நைனா மூஞ்சி வெள்ளையா கீது? குந்து, குந்து."

உட்கார்ந்தேன். முனையை நகத்தால் தடவினேன். சுற்றிய நூல் சுற்றியபடியே இருந்தது. எழுந்து, கை ஓயும்வரை விட்டேன். நாண் கொஞ்சம் நீண்டதும் கீழ் முனையில் போட்ட கட்டை அவிழ்த்து விரலளவு இறுக்கினேன். இரண்டு பக்கமும் வளையமாக இருந்திருந்தால் முறுக்கி முறுக்கித்தான் சரிசெய்திருக்க வேண்டும். இதைத் தேசப்பனிடம் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியம் மணலில் கால் வைக்க முடியாது. பழைய மர வில்லோ மூங்கில் வில்லோ என்றால் பாலியஸ்டர்தான், யார் என்ன சொன்னாலும். மெழுகு இரண்டு கட்டி வாங்குங்கள். மீன்காரத் தோழன் இருந்தால் லைட்டரை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் முனையை அழுத்திப் பார்த்தார், நாணைச் சுண்டினார், காதை வைத்துக் கேட்டார். நான் விட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றவர், சத்தம் எதுவும் வராததும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். மன்னிப்பு கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே அடுத்த அம்பைத் தொடுத்தேன்.