பர்லியார் வரை நடந்த மழைக்கோட்

என் கணவர் குமாரசாமி முப்பத்தோரு வருடம் ஒரே வேலைதான் பார்த்தார். ராணுவத்துக்காக அரசு வாங்கும் துணி, கயிறு, மழைக்கோட் எல்லாவற்றையும் குன்னூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் சோதித்து, ஏற்கலாம் என்றோ கூடாது என்றோ கையெழுத்துப் போடுவார்.

மழைக்கோட்டுக்கு விதிப்படி மெஷின் உண்டு. துணியை இழுத்துக் கட்டி ஒரு மணி நேரம் தண்ணீர் தெளிக்கும். பின்பக்கம் ஈரமில்லை என்றால் தேறியது. அவருக்கு அது போதாது. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு கிலோ மணல் மூட்டையைப் பட்டை கட்டி முதுகில் சுமந்து, ஐப்பசி மழையில் மலைச்சாலையில் கீழே உள்ள பர்லியார் வரை இறங்கி நடப்பார். திரும்பும்போது பஸ்.

“ஏனுங்க, அம்பத்தொம்பது வயசுல இது தேவையா? எந்த எஸ்டேட்டுக்கு உரம் கொண்டு போறீங்கன்னு கண்டக்டர் கேக்கப் போறாரு.”

“போன வருசமே கேட்டுட்டான். மெஷினுக்குத் தோளு ஏது புள்ள? பட்டாளத்துக்காரன் மூட்டையத் தோள்லதான சொமக்கறான்.”

கடைசியாக வந்த சரக்கு நாலாயிரம் கோட். மெஷினில் தேறிவிட்டது. பர்லியாரில் இறங்கியபோது அவர் சட்டை இரண்டு தோளிலும் நனைந்திருந்தது. மூட்டையின் பட்டை அழுத்திய இடத்தில் தையல் ஒழுகியது. நிராகரித்தார். ‘சோதித்த முறை’ என்ற கட்டத்தில், ‘அணிந்து, சுமையோடு மழையில் நடந்து பார்த்தது’ என்று உள்ளதை எழுதினார்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. விதிப்படி சோதிக்கவில்லை என்று சப்ளை செய்தவர் மேல்முறையீடு செய்தார். மேலதிகாரி கீர்த்திவாசன் இவரைக் கூப்பிட்டார்.

“தையல் கோளாறுன்னு மட்டும் எழுதியிருந்தா யாருங்க கேக்கப் போறா? நீங்க நடந்ததையெல்லாம் எதுக்கு எழுதுனீங்க?”

“நடந்துதானுங்க கண்டுபிடிச்சேன்.”

நடந்ததை மறைத்திருந்தால் அவர் முடிவு நின்றிருக்கும். நிராகரிப்பு ரத்தானது. கோட்டுகள் லாரி ஏறின. அரசுப் பொருளைச் சொந்தமாக உபயோகித்தார் என்று இவருக்கு மெமோ வந்தது. சொந்த உபயோகமாம்! விசாரணைக்குக் காட்டவேண்டும் என்று அந்தக் கோட்டை வீட்டில் மாட்டி வைத்தார். பங்குனியில் மாலையோ பேச்சோ இல்லாமல் ஓய்வு பெற்றார். விசாரணை மட்டும் முடியவில்லை. வைகாசியில் இதயம் நின்றது. குற்றம் சாட்டப்பட்டவராகவே போனார்.

ஆனியில் கடிதம் வந்தது. ஊழியர் இறந்துவிட்டதால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது. அவர் செய்தது சரியா தப்பா, ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வரி: அவரிடமுள்ள மழைக்கோட்டைத் திருப்பி ஒப்படைக்கவும்.

அன்று நல்ல மழை. கோட்டை நான் மாட்டிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் இருந்த மணல் மூட்டையை இரண்டு தோளிலும் பட்டை மாட்டிச் சுமந்து, மூன்று கிலோமீட்டர் நடந்து அலுவலகம் போனேன். கீர்த்திவாசன் எழுந்து நின்றார்.

“என்னங்கம்மா இது! சொல்லியிருந்தா ஆளனுப்பியிருப்பேனே.”

கோட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். என் ஜாக்கெட் தோள் இரண்டும் ஊறியிருந்தன.

“ரசீது குடுங்க.”

‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதினார்.

“அதை அடிங்க. தோள்ல ஒழுகுதுன்னு எழுதுங்க. எப்படிக் கண்டுபிடிச்சதுன்னும் எழுதுங்க.”

நான் நகரவில்லை. என் புடவையிலிருந்து தண்ணீர் அவருடைய தரையில் சொட்டியது. கடைசியில் அடித்துவிட்டு எழுதினார்: ‘தோளில் நீர் ஒழுகுகிறது. அணிந்து, சுமையோடு மழையில் நடந்து பார்த்தது.’ கையெழுத்தும் போட்டார்.

மற்றக் கோட்டுகள் எந்த மலையில், எவர் தோளில் ஒழுகிக்கொண்டிருக்கின்றனவோ. அவற்றைத் திரும்பக் கேட்டு இதுவரை யாரும் கடிதம் எழுதவில்லை.