சாயங்காலக் கரண்ட்

பஞ்சாலைச் சங்கு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கல்லூரி விட்டு வரும் நேரத்துக்கு அது ஊதும். எங்கள் சாரம் பகுதியில் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். ஆலை மூடி வெகு காலமாகிறது. இப்போது அந்த நேரத்தில் நான் காத்திருப்பது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும்போது போடும் 'டக்' என்ற சின்னச் சத்தத்துக்கு.

என் கணவர் போன பிறகு அவருடைய பேட்டரிக் கடையை நான்தான் நடத்துகிறேன். கடைகளுக்கு மாலை நேர மின்சாரம் விலை கூடியதிலிருந்து, விலை குறைந்த நேரத்தில் பேட்டரியை நிரப்பி மாலையில் அதில் வேலையை ஓட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் உங்களுக்கு இது சுலபமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தத் தொழிலில் பேட்டரியை விற்றுவிடலாம். வாங்கியவரை அதை ஓடவிடச் செய்வதுதான் பெரும்பாடு.

பொங்கல் வரை

என் கடைக்கு நாலு வீடு தள்ளி சுபைதாவின் தையல்கூடம். பள்ளிச் சீருடை தைக்கிறாள். பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். வேலை சூடுபிடிப்பது விளக்கு வைத்த பிறகு. கட்டடம் அவளுடைய அண்ணன் ஹமீது பாயுடையது, கரண்ட் பில் கட்டுவதும் அவர்தான். கரண்ட் பில்லைப் பார்த்தவர், தையலை நிறுத்திவிட்டு இடத்தைச் செருப்புக் கடைக்கு விடப்போவதாகச் சொன்னார். அத்தனை பெண்களுக்கும் பிழைப்பு போய்விடும். நான் போய்ப் பேட்டரி யோசனையைச் சொன்னேன். அவர் என் நரைத்த தலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"பொங்கல் வரிக்கும் பாக்குறேம்மா. பில்லு கொறயலன்னா பேட்டரிய நீங்க தூக்கிக்குங்க, எடத்த நான் தூக்கிக்கிறேன்."

பத்திரம்

பேட்டரி வைத்த பிறகு வந்த முதல் பில் குறையவில்லை. ஒரு மாலை நேரில் போனேன். மெஷின்கள் ஓடின, மின்விசிறிகள் சுற்றின, மீட்டரும் ஓடியது. பேட்டரி மட்டும் நிறைந்த வயிற்றோடு சும்மா உட்கார்ந்திருந்தது. மாலையானால் தானாகப் பேட்டரிக்கு மாற்றிவிட நான் வைத்துவிட்டுப் போன டைமரை சுபைதா அன்றைக்கே நிறுத்தியிருந்தாள். மின்தடையிலேயே வளர்ந்தவர்கள் நாம். பேட்டரி என்றால் ஆபத்துக்கு உதவும் பொருள். கொஞ்சம் மீதி வைத்துவிட்டுத்தான் அது நிற்கும் என்று விளக்கினேன். அவள் அரை மனதோடு டைமரைப் போட்டாள்.

"கரண்ட்டுதான் இருக்கேம்மா. அது இருக்கசொல்ல இத்த எடுத்துச் செலவு பண்ண கை வரமாட்டுது."

பொட்டு

ஆயுத பூஜைக்குப் பெண்கள் மெஷின்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சுபைதாதான் பொரிகடலை வாங்கிக் கொடுத்தாள். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி இன்வெர்ட்டருக்கும் மாலை போட்டு, ஸ்விட்சை அணைத்து, அதன் மேலேயே பொட்டு வைத்துவிட்டாள். விஜயதசமியன்று மெஷின்களைத் தொட்டுக் கும்பிட்டு ஓட்டினார்கள். பொட்டு வைத்த ஸ்விட்சைத் தொட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கும்வரை தைத்ததெல்லாம் மாலை விலை மின்சாரத்தில்தான். நானே ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் செல்வியைக் கேட்டேன்.

"மெஷினுக்கெல்லாம் லீவு உட்டோமே ஆயா, அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

கனத்த சுருதி

அதன் பிறகும் பில் போதுமான அளவு இறங்கவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் இருந்திருந்தால் கருவி வைத்து அளந்திருப்பார். என்னிடம் இருப்பது காது ஒன்றுதான். ஒரு மாலை முழுக்க இன்வெர்ட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, திடீரென்று கனத்தது. திரும்பிப் பார்த்தால், மூலையில் ஒரு பெண் தைத்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அத்தனை தையல் மெஷின்களும் சேர்ந்து குடிப்பதை அந்த ஒரு பெட்டி குடித்துவிடும். பாதி வேலையிலேயே பேட்டரி காலி, மீதி வேலை மாலை விலை மின்சாரத்தில். இஸ்திரியை மறுநாளைக்குத் தள்ளி, மாலை விலை தொடங்கும் முன்பே போட்டுவிடச் சொன்னேன். சுபைதாவின் முகம் வாடிவிட்டது. அன்றைக்குத் தைத்ததை அன்றைக்கே தேய்த்து மடித்து வைப்பது அவள் வழக்கம். நான் விடவில்லை, அவள் சரி என்று சொல்லும்வரை ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"கசங்கின சட்டையா கெடந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா. சரி போங்க, பொங்கல் வரிக்கும் முழிச்சிக்கினே கெடக்குறேன்."

பில்

பொங்கலுக்கு முன் பில் வந்தது. ஹமீது பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். நானும் சுபைதாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வி மெஷினை நிறுத்திவிட்டாள். அவர் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"அந்தச் செருப்புக் கடைக்காரர வேற எடம் பாக்கச் சொல்லிடுறேன். நீங்க இன்னாத்துக்கு மெஷின நிறுத்தினீங்க, ஓட்டுங்க."

விளக்கு வைத்த பிறகு அந்தக் கூடத்தில் இன்றைக்கும் தையல் சத்தம் கேட்கிறது. ஹமீது பாய் போன மாதம் தன் மளிகைக் கடைக்கும் ஒரு பேட்டரி வாங்கிப் போனார். கரண்ட் போனால் மட்டும்தான் போடுவாராம்.