லிஸ்ட்டை அழித்த இரண்டு நிமிஷம்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனி சிறியது. பத்தாவது வரைதான் படிப்பு. ஃபைபர் கேபிள் ஒட்டும் வேலைக்குத்தான் வந்தேன். கம்பத்தின் மேல் இருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்து ரூட்டர் வேலையும் பழகிவிட்டது.

எங்களுக்கு இரண்டு பெரிய கம்பெனிகளிடமிருந்து லைன் வருகிறது. 'இந்த அட்ரஸ்கள் எங்களிடம் இருக்கின்றன' என்று எங்கள் ரூட்டர் இருவருக்கும் சொல்லும். எங்களுடையதை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொன்னால் ஊர் டிராஃபிக் எல்லாம் நம் சந்துக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க ஒரு லிஸ்ட் உண்டு. அதில் இருப்பது மட்டுமே வெளியே போகும்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, புது கஸ்டமருக்காக அந்த லிஸ்ட்டைத் திருத்த வேண்டியிருந்தது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. லிஸ்ட்டே இல்லையென்றால் எங்கள் ரூட்டர் எல்லாவற்றையும் அனுப்பிவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. இந்தப் பக்கம் கேட்டதையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டியது, அங்கே கேட்டதை இங்கே. அட்ரஸ் எண்ணிக்கை அளவு மீறிவிட்டது என்று இரண்டு கம்பெனி ரூட்டர்களும் எங்கள் தொடர்பை மூடிவிட்டன. அவர்கள் ஆள் திறந்தால்தான் உண்டு.

போனில் பேசக் கூச்சம். நல்ல இங்கிலீஷில் மெயில் எழுதி அனுப்பினேன். போகவில்லை. நெட் இல்லையே.

அதற்குள் எங்கள் கஸ்டமரான கார் சீட் ஃபேக்டரியில் டிஸ்பேட்ச் பார்க்கும் தனலட்சுமி மேடம் போனில் கூப்பிட்டார்.

"இன்னா சார், சீட்டு ஏத்தி மூணு வண்டி நிக்குது. நெட்டுல ஈ-வே பில் போடாம கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு மணிக்குள்ள சீட்டு போகலைன்னா அங்க கார் லைனே நின்னுடும். அப்புறம் என் வேலையும் நின்னுடும்."

"பார்த்துக்கினு இருக்கேன் மேடம்."

"பார்த்துக்கினே இருக்காதீங்க. யாருக்காச்சும் போன் பண்ணுங்க."

பண்ணினேன். முதல் கம்பெனி இன்ஜினியர், "என்ன மாத்துனீங்க?" என்றார்.

"ஒண்ணும் மாத்தல சார்."

"உலகத்துல இருக்கிற அத்தனைக்கும் உங்க வழியாத்தான் போகணும்னு உங்க ரூட்டர் சொல்லுது. திடீர்னு அவ்ளோ பெரிய ஆளாயிட்டீங்களா?"

நான் புது லிஸ்ட்டை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

"காரணம் தெரியாம திறந்தா மறுபடியும் கொட்டும். மேல இருக்கிறவங்களுக்கு அனுப்புறேன், சாயந்திரம் ஆகும்."

சாயந்திரம் என்றதும் வாய் திறந்துவிட்டது. "லிஸ்ட்ட அழிச்சிட்டு எழுதினேன் சார். இப்ப சரியா இருக்கு. தப்பு என்னுதுதான்."

அவர் சிரித்துவிட்டார். "இதைச் சொல்ல இன்னா? நானும் ஒருவாட்டி அழிச்சிருக்கேன். இனிமே புதுப் பேர்ல லிஸ்ட் எழுதுங்க. சரிபார்த்துட்டு, பழசுக்குப் பதிலா அதை மாட்டுங்க." சொல்லிக்கொண்டே திறந்துவிட்டார்.

இரண்டாவது கம்பெனியில் போனை எடுத்தவுடனேயே செய்ததைச் சொன்னேன். உடனே திறந்தார்கள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தனலட்சுமி மேடம் கூப்பிட்டார். "சீட்டு போய்ச் சேர்ந்துடுச்சு சார். யாரு கெடுத்தது?"

"நான்தான் மேடம்."

"அதான் சீக்கிரம் சரியாயிடுச்சு. வேற யாராச்சும்னா தேடணும்."

இப்போதெல்லாம் தொடர்பு அறுந்தால், என் பேரைச் சொல்வதற்கு முன்பே நான் என்ன மாற்றினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு சீக்கிரம் முடிகிறது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது பெரிய வசதி.