முடியைக் கழற்றி வைக்கும் அறை

2006 வரை ருக்கு ஜன்னலோர இடத்துக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவள். வீடு ஜோகுபாளையத்தில். வேலை லிங்கராஜபுரத்தில், மௌரீன் நடத்திய பியூட்டி பார்லரில். முகத்தில் காற்று அடிக்க அடிக்கப் போய் இறங்கினால்தான் அவளுக்கு நாள் தொடங்கிய மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம். புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். பிறகு தோல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு வட்டம் மூடுவதற்குள் இரண்டு வட்டம் திறந்தது. அடுத்த யுகாதிக்குள் தலையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

கணவன் ஆதிகேசவன் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டினான். அதிகம் பேசாத மனிதன். ஒரு நாள் அவளை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போய், தோள்வரை தொங்கும் கறுப்பு விக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தான். செயற்கை இழை, பொம்மைக்கு வைக்கிற முடி மாதிரி. "யாருக்கும் சொல்லத் தேவல்ல. முடி வெட்டிக்கினேன்னு சொல்லு, அவ்ளோதான்," என்றான்.

அதிலிருந்து ருக்குவின் கை சும்மா இருக்கவில்லை. நெற்றிப் பொட்டருகே ஒரு தடவை, பின்கழுத்தில் ஒரு தடவை, மறுபடி பொட்டருகே. ஆட்டோவில் ஏறினால் முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொள்வாள். கல்யாண வீட்டில் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி போட்டால் எழுந்து இடம் மாறுவாள். கடைக்கண்ணாடி, பஸ் கண்ணாடி, நிறுத்தி வைத்திருக்கிற கார் கண்ணாடி என்று எது தெரிந்தாலும் அதில் தன் தலையைப் பார்ப்பாள். பார்த்த பிறகும் நம்பிக்கை வராது.

பார்லரில் சில மாதம் ஓட்டினாள். ஒரு சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு ஹேர் டிரையர் பிடித்துக்கொண்டிருந்தபோது குனிந்துவிட்டாள். சூடான காற்று அவளுடைய முன்முடியில் பட்டது. சுர்ரென்று இழைகள் சுருண்டு, பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் எழுந்தது.

"என்ன ஸ்மெல் அது?" என்று அந்தப் பெண் திரும்பினாள்.

ருக்கு டிரையரை மேசையில் போட்டுவிட்டு, கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். அப்புறம் வேலைக்குப் போகவில்லை. மௌரீன் போன் செய்தபோது இடுப்பு வலி என்றாள். கைப்பையை ஆதிகேசவன் போய் வாங்கி வந்தான்.

வீட்டில் இருப்பது இன்னும் மோசம். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். வாசல்வரை போய்க் கதவைத் திறக்காமல் திரும்புவாள். மிஞ்சிய நேரமெல்லாம் விக்கோடுதான் மல்லுக்கட்டினாள். குக்கரைத் திறந்தபோது ஆவி பட்டு ஒரு பக்கம் நாராகிப் போனது. பின்கழுத்தில் உராய்ந்து உராய்ந்து கம்பளி மாதிரிச் சிக்கு விழுந்தது. கெடுத்துக் கெடுத்துத்தான் சிலதைக் கண்டுபிடித்தாள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசினாள். துணிக்குப் போடுகிற கம்ஃபர்ட் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டாள். கசக்காமல் துண்டில் ஒற்றி, கவிழ்த்த குடத்தின் மேல் நிழலில் காயவைத்தாள். சீப்பை நுனியிலிருந்து மேலே கொண்டுபோனாள். விக்கு பழையபடி ஆனது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போகிற இடம்தான் இல்லை.

2009 பிப்ரவரியில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். கழுத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி அட்டை.

"ருக்கு அக்கா நீங்கதானுங்களா? என் பேரு தர்ஷினி. மௌரீன் ஆன்ட்டி அனுப்புனாங்க."

"எதுக்கும்மா?"

தர்ஷினி ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்தாள். உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு பெரிய விக்கு, பந்தாகச் சுருண்டு கிடந்தது. "இதைச் சரி பண்ண உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

ருக்குவின் கை பொட்டருகே போனது. மௌரீனுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நாளாகத் தெரியும்? இந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பாள்? காது அடைத்துக்கொண்டு, தர்ஷினி பேசியதில் பாதி விழவில்லை.

சேலத்திலிருந்து வந்து ஈஜிபுராவில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள் தர்ஷினி. ஜப்பான் கார்ட்டூன் கதைகளில் பைத்தியம். ஏப்ரலில் ஒரு காலேஜ் ஹாலில் இந்த மாதிரிப் பைத்தியங்கள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாக வேஷம் கட்டப்போகிறார்கள். அவளுக்குப் பிடித்த பாத்திரம் ஒரு போர்வீராங்கனை. தீ எரிகிற மாதிரி அவள் முடி மேல்நோக்கி நிற்க வேண்டும்.

"விட்டுட்டுப் போ. பாக்கறேன்," என்றாள் ருக்கு. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் தர்ஷினி வந்தாள். சிக்கெடுப்பதை ருக்கு செய்தாள். இழையைச் சூடுதண்ணீரில் முக்கி எடுத்தால் சுருள் நீண்டு நேராகும் என்பதை தர்ஷினி இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து சொன்னாள். இருவரும் ஒரு கொத்தை முக்கிப் பார்த்தார்கள். நேரானது. ருக்கு கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்ததும் விக்கு நகர்ந்ததோ என்று எழுந்து உள்ளறைக் கண்ணாடிக்குப் போனாள். ஒரு வேளைக்கு நாலைந்து முறை அப்படிப் போவாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்பாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடைசி வேலை. வேரில் சீப்பால் எதிர்ப்பக்கமாகச் சீவி, ஸ்பிரே அடித்து, குளிர்ந்த காற்றில் காயவைத்து ஒவ்வொரு கொத்தாக நிறுத்த வேண்டும். முன்னால் நிற்கிற பெரிய கொத்துக்கு வந்தபோது, பார்லரில் பழகின அவள் கட்டைவிரல் தன்னாலே டிரையரைச் சூட்டுக்குத் தள்ளிவிட்டது. அதே நாற்றம். சிவப்புக் கொத்து கருகிச் சுருண்டு கல்லாகிவிட்டது.

தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சுக்கா."

ருக்கு எழுந்து வாசலுக்குப் போனாள். சமையலறைக்குப் போனாள். மறுபடி வாசலுக்கு. வேலையை விட்டு ஓடி வந்த அந்தச் சனிக்கிழமை அப்படியே நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இங்கிருந்து ஓடிப்போக இடமில்லை, இது அவள் வீடு. திரும்பி வந்து விக்கைக் கவிழ்த்து உட்புறத்தைப் பார்த்தாள். வலைத்துணியில் வரிசை வரிசையாக முடியைத் தைத்திருந்தார்கள்.

"பின்கழுத்துல ரெண்டு வரிசை எடுத்தா வெளிய தெரியாது இல்ல?"

"தெரியாதுக்கா."

"அப்போ கத்திரி எடு."

பின்னாலிருந்து பிரித்த வரிசைகளைக் கருகின இடத்தில் ஊசி நூலால் தைத்தார்கள். கொத்து நின்றது. ஆனால் தர்ஷினிக்குப் பயம் போகவில்லை. "நாளைக்கு நீங்களும் கூட வந்துருங்கக்கா. ஸ்டேஜ்ல விழுந்துருச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

வேஷம் கட்டுகிற அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏப்ரல் வெயில். மூலையில் ஒரே ஒரு மேசை ஃபேன். இருபது இருபத்தைந்து பேர் அட்டை வாளும் ஜிகினா உடுப்புமாக நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோர் தலையிலும் விக்கு. நீலம், பச்சை, வெள்ளை. புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். நாற்காலி முதுகில் மாட்டினார்கள், தலையைப் பரபரவென்று சொறிந்தார்கள். ஒருத்தி தன் வெள்ளை முடியாலேயே விசிறிக்கொண்டாள்.

ருக்குவின் விக்குக்குள்ளிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது. தர்ஷினியின் முன்கொத்தில் ஹேர்பின் குத்த வேண்டும், கண் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பு விக்கைக் கழற்றி மடியில் வைத்தாள்.

தர்ஷினி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். இத்தனை ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்தும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு நாற்காலியை நகர்த்தினாள். "இந்தப் பக்கம் வாங்கக்கா. காத்து இங்கதான் வருது."

ஃபேன் காற்று வெறுந்தலையில் பட்டது. ருக்கு ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். அதற்குள் வெள்ளை முடிக்காரி அருகில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்த கேரக்டர்? மொட்டை செம ரியலா இருக்கு. மேக்கப்பா?"

"இல்லம்மா. இது என் தலைதான்."

"ஓ." அந்தப் பெண் கையிலிருந்த வெள்ளை விக்கை நீட்டினாள். "இதுல பின்னாடி சிக்கு விழுந்திருக்கு. எடுத்துவிடறீங்களா, ப்ளீஸ்?"

ருக்கு சீப்பை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் விக்கோடு வந்து நின்றார்கள். மேடைக்கு அழைக்கும்வரை ருக்கு தலை நிமிரவில்லை.

தர்ஷினிக்குப் பரிசு கிடைக்கவில்லை. வாளைச் சுழற்றியபோது முன்கொத்து மெல்லச் சாய்ந்து கண்ணை மறைத்தது. அவள் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே மிச்ச சண்டையைப் போட்டாள். கூட்டம் விசிலடித்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஆதிகேசவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "எத்தன பேரு பாத்தாங்க?"

"எல்லாரும்தான்."

"நம்ம ஏரியா ஆளுங்க யாராவது இருந்தா? இனிமே அங்கெல்லாம் போவாத."

"ரெண்டு வருஷமா நா எங்கயும்தான் போவல. போதும்."

கல்யாணமாகி அவள் அவனிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அப்புறம், "உன்னப் பாத்து யாராவது சிரிச்சிட்டா எனக்குத் தாங்காது, ருக்கு," என்றான். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தன் தலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் லிங்கராஜபுரம் போனாள். தலையில் விக்கு இல்லை, ஒரு பருத்தித் துணியைச் சுற்றியிருந்தாள். மௌரீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"மேடம், உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஃபர்ஸ்ட் டேலேர்ந்தே. இருபது வருஷமா முடியத்தானே தொட்டுக்கினு இருக்கேன். ஒரிஜினல் முடி அப்படியா மினுக்கும்?"

"அப்போ ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சும்னே, ஒண்ணும் சொல்லாம ஓடிட்ட." மௌரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வந்தப்போ உன் ஞாபகம்தான் வந்துச்சு. தப்பா அனுப்பிட்டேனோன்னு ரெண்டு நாள் தூக்கமில்ல எனக்கு."

அந்த வாரமே ருக்கு வேலையில் சேர்ந்தாள். சிலநாள் விக்கோடு வருவாள், சிலநாள் துணியோடு. தர்ஷினியின் கூட்டாளிகள் பிளாஸ்டிக் பைகளோடு பார்லருக்கே வர ஆரம்பித்தார்கள். பின்னறையில் அவர்களுக்காக ஒரு மேசை போட்டாள் மௌரீன். அடுத்த வருஷம் ருக்குவின் தலையில் பூனைமயிர் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் முளைத்தது, இரண்டு மாதத்தில் உதிர்ந்தும் போனது. அந்த இரண்டு மாதமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. உதிர்ந்த பிறகு ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் காலை பார்லர் பின்னறையில் ஊதா நிற விக்கு ஒன்று கம்ஃபர்ட் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஒற்றிக் காயவைக்க வேண்டுமே என்று வேகவேகமாகக் கிளம்பினாள்.