இருட்டில் இரண்டு தரம்

போன மாரி தொடங்கின நேரம், பாலர் பாடசாலைக் கூட்டம் முடிந்து பொழுதுபட ஸ்கூட்டரில் வந்த நான், ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பிலேயே ஒரு மாட்டோடு மோதிக்கொண்டேன். மாட்டுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கால் உரிந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் கவலையோடு பார்த்தது என் கண்ணைத்தான்.

காரணம் அண்ணா. அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் இரவில் தெரியாமல் போனது. பிறகு பக்கப்பார்வை சுருங்கியது. இப்போது நல்ல வெளிச்சத்தில் நேர் எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரியும். விழித்திரை நோய், பரம்பரையாக வரக்கூடியது, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மாடு அதற்கு ஒரு முடிவு கட்டியது.

கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். தானும் வருவேன் என்று அண்ணா ஒற்றைக் காலில் நின்றார். தன்னைச் சோதித்த அந்த மெஷினைத் தனக்குத் தெரியும் என்றார், ஏதோ சொந்தக்காரரைச் சொல்வதுபோல.

கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டார்கள். அரைமணி நேரம் இருட்டறையில் இருந்து கண் இருட்டுக்குப் பழக வேண்டும். பிறகு கீழ் இமையோரம் நூல்போல ஒரு மெல்லிய கம்பியை வைத்து, முகத்துக்கு முன்னால் வெளிச்சத்தை மின்னவிடுவார்கள். அந்த மின்னலுக்கு விழித்திரை எழுப்பும் சிறு மின்சாரத்தை மெஷின் கோடாக வரையும். பரிசோதனை செய்யும் பெண் துளி வெளிச்சமும் கூடாது என்று என் போனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாவின் போனைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அரைமணி முடியப்போகிற நேரம் பார்த்து அம்மா அழைத்தார். அண்ணாவின் போன் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தை உச்சத்தில் வைத்த போன். அண்ணா அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அறை பட்டப்பகலாகிவிட்டது. அந்தப் பெண் ஓடிவந்து, சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் நின்றார். அதற்குள் அண்ணா, புட்டுச் சாப்பிட்டுவிட்டோம் என்று அம்மாவுக்குச் சொல்லி முடித்திருந்தார்.

மறுபடி முதலிலிருந்து இருட்டு. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. பகலில் கேட்கத் துணியாததை அப்போது கேட்டேன்.

“அண்ணா, எனக்கும் இதெண்டால்?”



“பழகலாம். கஷ்டம்தான், ஆனால் பழகலாம்” என்றார். பிறகு, “நீ பழக வேண்டாம்” என்றார்.

பரிசோதனை முடிந்ததும் டொக்டர் கோடுகளைப் பார்த்தார். என் விழித்திரை நன்றாக வேலை செய்கிறதாம். தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படுகிற ஆள் அது இல்லாமல் இருட்டில் ஓடினால் மாடு எப்படித் தெரியும் என்று ஏச்சும் கிடைத்தது. நான் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அண்ணாவின் முன்னால் அப்படிச் சந்தோஷப்பட வெட்கமாகவும் இருந்தது. அவரோ தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்து, கோட்டின் மேல் விரலை ஓடவிட்டார். தன்னுடைய கோடு வயல்போல மட்டமாகக் கிடந்ததாம், இதில் மேடு இருக்கிறதாம். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் அதைக் காட்டினார்.

கிளிநொச்சியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. இரவில் அண்ணா சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பார். வீட்டில் மற்றவர்களின் கையைப் பிடிப்பாரே தவிர, என் கையைப் பிடித்ததில்லை. தங்கச்சியிடம் கைநீட்ட ரோசம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ரயில் மேடையில் நின்றுகொண்டு, “கையைத் தா” என்றார்.

கொடுத்தேன். இத்தனை நாளும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“உன்ர கண்ணை நம்பிப் பழகிப்போட்டு, பிறகு அதுவும் போனால் என்ன செய்யிறது எண்டு பயந்தனான்.”

ஓட்டோவில் ஏறிய பிறகும் அவர் கையை விடவில்லை.