பக்கத்து வயல்காரரின் நெல்

இன்று காலை மாதா கோயில் பூசைக்குப் புறப்பட்டபோது பாபநாசத்தில் தூறல் தொடங்கியது. நானும் என் கணவரும் கொள்முதல் நிலையத்துக்கு ஓடி, அங்கே கொட்டி வைத்திருந்த எங்கள் நெல்லைத் தார்ப்பாயால் மூடினோம்.

அடுத்த குவியல் திறந்தே கிடந்தது. பக்கத்து வயல்காரர் செல்வராசு அண்ணனுடையது. வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்குப் பிரசவ வலி என்று விடியற்காலையிலேயே தஞ்சாவூர் போயிருந்தாராம்.

உண்மையைச் சொல்கிறேன். ‘நனையட்டும்’ என்றுதான் முதலில் நினைத்தேன்.

உடனே வெட்கமாகிவிட்டது. பிறரை மன்னிப்பதுபோல் என்னையும் மன்னியும் என்று தினமும் செபிக்கிறவள் நான்.

"வீட்ல இன்னொரு தார்ப்பாய் இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"பூசை போயிடுமே?"

"போனா போவுது. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

அவர் பைக்கில் பறந்து போய் எடுத்து வந்தார். மழை வலுப்பதற்குள் மூடிவிட்டோம்.

மதியம் செல்வராசு அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். நெல்லை மூடியது நாங்கள்தான் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"பேத்தி பொறந்திருக்கு தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. "நெல்லும் நனையல."

"உள்ள வாங்கண்ணே" என்றார் என் கணவர்.

காபி கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று கிளம்பினார்.

பிறகு நாங்கள் குடித்தபோதுதான் தெரிந்தது, பதற்றத்தில் நான் சர்க்கரையே போடவில்லை.

மனுஷன் மறுபடி காபிக்கு வருவார் என்று நினைக்கிறீர்களா?