மேல என்றால் மேற்கு

மலைக்கு ஆள் கூட்டிப்போகும் தொழிலை யாராவது தூத்துக்குடியில் இருந்துகொண்டு செய்வார்களா? நான் செய்கிறேன். எங்கள் ஊரில் ஏறுவதற்கென்று இருப்பவை உப்பளத்து உப்புக் குவியலும் துறைமுகத்து நிலக்கரிக் குவியலும்தான். இரண்டிலும் ஏற விடமாட்டார்கள். கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், “நடங்க, நல்லா நடங்க” என்றார். நடந்து நடந்து மலைக்கே போய்விட்டேன். முதலில் என்கூட நாலு பேர் வந்தார்கள், அப்புறம் வேன் பிடிக்கிற அளவுக்கு வந்தார்கள். அந்த டாக்டர் நல்லா இருக்கணும்.

மலை சாத்தான்குளத்துக்கு மேற்கே இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே சிப்ஸ் பாக்கெட்டும் புளூடூத் ஸ்பீக்கருமாக வந்து நிற்பீர்கள். உச்சியில் ஒரு கல் அறை, பாதி இடிந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடலில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்கப் பட்டாளத்துக்காரர்கள் கட்டியது என்கிறார்கள். கடலைப் பார்த்த சுவரில் துப்பாக்கி நீட்ட ஒரு துவாரம், பாறையில் அடித்த ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தைச் சேர்த்து எங்கேயாவது கூட்டிப்போய், ஆள் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து விட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், இனி வருவதெல்லாம் உங்கள் கதையும்தான்.

கிரேன்காரர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். வேனில் ஏறியதிலிருந்து ஒரே அலட்டல். “நான் தினமும் வானத்துல உக்காந்து வேலை பாக்குறவன், இதெல்லாம் ஒரு மலையா?” என்று எல்லோரையும் கேலி செய்துகொண்டே வந்தார். பாதி மலையில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. பக்கத்தில் பள்ளம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தாண்டிவிடும். மனுஷன் அதன் நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

நான் ஒரு கை, பின்னால் வந்தவர் ஒரு கை என்று பிடித்து நகர்த்தினோம். “என்ன அண்ணாச்சி, வானத்துல உக்காருற ஆளு நீங்க” என்றேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: “அங்கன கேபினுக்குக் கதவு இருக்கு, ஏசி இருக்கு. இங்கன ஒரு கைப்பிடி உண்டுமா வே?”

மலைக்கு நேர்ச்சை

மெட்டில்டா அக்கா ஆலந்தலைக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மலையேற வருகிறவர்கள் போட்டோவுக்கு வருவார்கள், உடம்பு குறைய வருவார்கள். அக்கா நன்றி சொல்ல வந்தார். போன மழைக்காலத்தில் வீட்டுக்காரர் போன வள்ளத்தில் தண்ணீர் ஏறி ஜிபிஎஸ்ஸும் செல்போனும் செத்துப்போயிருக்கின்றன. சுற்றி மேகம், கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தப்பான பக்கம் ஓட்டினால் இலங்கை, பிறகு ஜெயில். கொஞ்ச நேரம் மேகம் விலகியபோது இந்த மலையின் உச்சி தெரிந்திருக்கிறது. அதைப் பிடித்து வந்து கரை சேர்ந்தார்.

“மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தியாச்சு. மலைக்கு ஒண்ணும் செய்யலியே! அது உச்சில போய் ஒரு திரி ஏத்தணும்னு நேந்துட்டேன்” என்றார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைச் சொன்னார். அந்தக் காலை வைத்துக்கொண்டு இந்த மலையா என்று எனக்குப் பகீரென்றது. ஆனாலும், “மெதுவா ஏறலாம்க்கா” என்றேன். உடனே திருத்தினார்: “மெதுவாவோ வேகமாவோ, ஏத்திவிட்டுரும். அது போதும்.”

மாடியில் இருக்கும் தெரு

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். சந்தோஷத்தில் கால்வலியையே மறந்துவிட்டார். நான் பின்னால், கெண்டைக்காலில் பிடிப்பு வந்த ஒருவருக்கு நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் பாதை இரண்டாகப் பிரியுமே என்று ஞாபகம் வந்து, “அக்கா, ரெண்டு பாதை வரும், மேல போங்க!” என்று கத்தினேன். “சரி” என்று பதிலும் வந்தது.

உச்சிக்குப் போனால் அக்காவைக் காணோம். விசில் ஊதினோம், பேர் சொல்லிக் கூப்பிட்டோம். என் நெஞ்சில் இருக்கிற ஸ்டென்ட் கழன்றுவிடும்போல இருந்தது. கடைசியில் மலையின் மேற்குச் சரிவில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, உடைமரத்து நிழலில் ஆடுகளோடு ஆடாக உட்கார்ந்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. வெயிலும் ஏறிவிட்டது. அன்றைக்கு இனி அவரை உச்சிக்கு ஏற்ற வழியில்லை. மெழுகுதிரியைப் புடவைத் தலைப்பில் முடிந்துவைத்துக்கொண்டு அழுதார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் கோபப்பட்டேன். “மேல போங்கன்னு சொன்னேனே, கீழ இறங்கி வந்திருக்கீங்களே!” என்றேன். அக்கா அழுகையை நிறுத்தினார். “நீருதானே மேலன்னீரு? அதான் மேக்க வந்தேன். எங்க ஊரு மேலத்தெரு என்ன மாடியிலயா இருக்கு?”

சலாலா ஞாபகம்

அன்றிலிருந்து மலையில் ‘மேல’, ‘கீழ’ இரண்டு சொல்லையும் நான் விட்டேன். ஏறுங்க, இறங்குங்க, அவ்வளவுதான். வேனில் வருகிறவர்கள், “அண்ணாச்சி, வானம் எந்தப் பக்கம்? மேக்கயா?” என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள்.

அப்படி உயிரை எடுத்தவர்களில் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓமனில், சலாலாவில் வேலை, லீவில் வந்திருந்தார். பீரங்கி இருக்கும் என்று நினைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர், நாலு சுவரைப் பார்த்ததும், “இதுக்கா விடியக்காலம் பஜ்ரு தொழுத கையோட ஓடி வந்தோம்?” என்று என்னை முறைத்தார். பிள்ளைகள் இரும்பு வளையத்தை இழுத்து விளையாடப் போய்விட்டார்கள். காக்கா அறைக்குள் போய் அந்தத் துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்து, “எதிரிக் கப்பல் வருதா காக்கா?” என்றேன். “எதிரி எங்க அண்ணாச்சி வந்தான்? இங்கன இருந்தவன் பூரா நாளும் ஊரைத்தான் நினைச்சிட்டு இருந்திருப்பான். சலாலாவுல என் ரூம் ஜன்னலும் இதே அளவுதான்.”

சனிக்கிழமை

முழங்கால் சரியானதும் அக்கா போன் செய்தார். இந்தத் தடவை சனிக்கிழமைதான் வேண்டும் என்றார். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். வீட்டுக்காரர் கடலில் இருக்கிற நேரத்தில் அக்கா மலையில் நிற்க வேண்டுமாம். நான், என் வீட்டுக்காரி, அக்கா, மூன்றே பேர். வழுக்குப் பாறையில் என் வீட்டுக்காரி முன்னால் இழுக்க, நான் பின்னால் தாங்க, அக்கா உட்கார்ந்தே நகர்ந்தார். பாதை பிரியும் இடத்தில் அவரே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் கையைக் காட்டினேன். அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

உச்சியில் நல்ல காற்று. திரி பற்றவைத்தால் அணைகிறது, மறுபடி பற்றவைத்தால் மறுபடி அணைகிறது. அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. என் வீட்டுக்காரிதான் அதை அறைக்குள் வாங்கிக்கொண்டு போய், துப்பாக்கித் துவாரத்தின் உள்மூலையில் ஒண்டவைத்துப் பற்றவைத்தாள். நின்றது. அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தட்டிக்கொடுத்தார். “கீழ பாருங்கக்கா” என்றேன், சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா பார்த்தார். கிழக்கே, வெகு கீழே, வெயிலில் கண் கூசுகிற கடல். ஒரே ஒரு தடவை என் சொல் எந்தக் கணக்கில் பார்த்தாலும் சரியாகிவிட்டது.

அக்கா போனைப் போட்டார். கடலில் டவர் கிடைப்பது மாதாவின் சித்தம், அன்றைக்குக் கிடைத்தது. ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தத்தோடு வீட்டுக்காரர் குரல் கேட்டது: “மலை நல்லாத் தெரியுது ஏளா. நீதான் தெரியல.” அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சத்தமாகச் சொன்னார்: “நான் தெரிஞ்சு என்னத்துக்கு? மலை தெரியுதுல்லா, அதைப் பாத்து வந்து சேரும்.”

எதிரி வருகிறானா என்று பார்க்கக் கட்டிய இடத்துக்கு, வீட்டுக்காரர் வந்து சேர்ந்தாரே என்று நன்றி சொல்லப் போகிறவர்களைக் கூட்டிப்போவதுதான் என் தொழில் என்பதை விசிட்டிங் கார்டில் எப்படி அச்சடிப்பது என்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.